நொச்சித்தாங்கலுக்கு வந்த கொசு

விடிகிற நேரத்தில் ஊரார் வீட்டுக் கதவைத் தட்டி, "உள்ள வந்து கொசு புடிக்கலாமா?" என்று கேட்பதுதான் கன்னியப்பனின் உத்தியோகம். சுகாதாரத் துறையில் அந்த வேலைக்குப் பூச்சி சேகரிப்பாளர் என்று பெயர். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அவரைக் 'கொசு சார்' என்றார்கள். ஒரு கையில் டார்ச் விளக்கு, இன்னொரு கையில் ரப்பர் டியூப் சொருகிய கண்ணாடிக் குழாய். சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவின்மேல் குழாயை வைத்து டியூபை வாயால் மெல்ல உறிஞ்சினால் கொசு குழாய்க்குள் வந்துவிடும். வாய்க்குள் போகாமல் நடுவில் ஒரு துண்டு வலைத்துணி. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கன்னியப்பனுக்கு அது பழகிப் போயிருந்தது. சிரிக்கிறவர்கள் கதவைத் திறந்து விட்டால் போதும் அவருக்கு.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம் அவரை நொச்சித்தாங்கலுக்குப் போகச் சொன்னார்கள். அந்த ஊர்க் காலனியில் குளிர்காய்ச்சல் கண்டிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடம்பைத் தூக்கிப் போடுகிற நடுக்கம், அப்புறம் அனல், அப்புறம் வேர்வை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா. நொச்சித்தாங்கலில் அந்த நோய் ஒழிந்துபோய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

முதலில் காய்ச்சலோடு வந்தவன் கோபால். மெட்ராஸில் கட்டட வேலைக்குப் போயிருந்தவன். பட்டணத்தில் மலேரியா இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவனுக்கு எங்கே பிடித்தது என்பதில் குழப்பமில்லை. ஆனால் அவனுக்குப் பின்னால் படுத்தவர்கள் உத்திரமேரூர்ச் சந்தையைத் தாண்டிப் போகாதவர்கள். கோபாலிடமிருந்து அவர்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எந்தக் கொசு? வயலிலும் தாங்கல் என்கிற சிற்றேரியிலும் பிறக்கிற கொசு அந்த ஊரில் என்றைக்கும் இருந்தது. அதோடு குடியிருந்துதான் அவர்கள் இத்தனை காலம் காய்ச்சல் இல்லாமல் இருந்தார்கள்.

கோபாலின் மனைவி மலர்க்கொடி கதவைத் திறந்தாள். நடவு வேலைக்குப் போகிறவள். காலனியில் ஒரு பேச்சென்றால் அவள் பேச்சுத்தான் எடுபடும்.

"இன்னா சார், இன்னிக்கும் எங்க வூடுதானா?"

"உன் வூட்டுலதான் முதல்ல காய்ச்சல் வந்துச்சு. அதான்."

"அந்தாளு மாத்திரை துன்னுட்டு தூங்கிக்கினு கீறாரு. மேல ஏறி மிதிச்சிடாத."

கன்னியப்பன் கூரையின் அடிப்பக்கம் முழுக்கப் பார்த்தார். கொடியில் தொங்கிய துணிகளை ஒவ்வொன்றாக விலக்கினார். ஒரு பழைய சட்டையின் மடிப்புக்குள் ஒரு கொசு, உடம்பைச் சாய்த்துப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மலேரியாக் கொசுக்கள் உட்காருகிற விதம் அது. குழாயில் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். வயல்கொசுவின் கால்கள் ஒரே நிறமாக இருக்கும். இதன் கால்களில் மாவு தெளித்த மாதிரி பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளிகள்.

அன்றே பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போனார்.

பூச்சியியல் அலுவலர் வேதகிரி பேச்சில் சிக்கனமானவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"இது பட்டணத்துக் கொசு கன்னியப்பன். மெட்ராஸ்ல கிணறு, மாடித் தொட்டி, இதுலதான் இது வளரும். நம்ம பக்கத்துக் கிராமத்துல நான் பாத்ததில்ல."

"அப்ப இதுதான் சார் காரணம்."

"அவசரப்படாதீங்க. ஒரு கொசு மணல் லாரியில ஏறி வந்திருக்கலாம். கோபாலோட மூட்டையிலேயே வந்திருக்கலாம். வந்தது வேற, குடியேறினது வேற. இங்கேயே முட்டை வச்சு இங்கேயே பொறக்குதுன்னா அதோட புழு எங்கியாவது தண்ணியில இருக்கணும். அதைக் கொண்டாங்க. அதுவரைக்கும் நான் யார்கிட்டயும் வாய் திறக்க முடியாது."

அவர் சொன்னது நியாயம் என்பது கன்னியப்பனுக்கும் தெரிந்தது. அதனாலேயே அவருக்குள் ஒரு பிடிவாதம் ஏறியது.

மறுநாளிலிருந்து தேடினார். நீண்ட பிடி போட்ட கரண்டியால் தண்ணீரை மொண்டு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றிப் பார்க்க வேண்டும். சாதாரணக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். மலேரியாக் கொசுவின் புழு தண்ணீரின் மேல்பரப்பில் படுத்திருக்கும். தாங்கலின் ஓரம், மதகடி, மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளம், செங்கல் சூளைக் குழி என்று ஒன்று விடாமல் மொண்டு பார்த்தார். வயல்வெளிக் கிணறுகளில் கயிறு கட்டி வாளி இறக்கினார். ஊர்ப்பட்ட புழு கிடைத்தது. எல்லாம் பழைய வகை. சுகாதார நிலையத்தில் அவற்றைச் சீசாவில் வளர்த்து, கொசுவாக வெளிவந்ததும் காலைப் பார்ப்பார். புள்ளி இல்லை.

இதற்கிடையில் மருந்து அடிக்கும் ஆட்கள் வந்து காலனிச் சுவர்களை வெள்ளையாக்கிவிட்டுப் போனார்கள். காய்ச்சல் நிற்கவில்லை. கோபாலின் தங்கை சிட்டம்மாள் ஆறு மாதக் கர்ப்பிணி. இரண்டு முறை நடுக்கம் கண்டாள். மூன்றாவது முறை வந்தபோது வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்தவளை மாட்டுவண்டியில் படுக்கவைத்து அழைத்து வந்த அன்று கன்னியப்பன் காலனியில்தான் இருந்தார். அவள் யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கையில் பீங்கான் தட்டோடு நின்றவருக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் ஏகாம்பரம், தன் நிலத்து நடவுக்குக் காலனி ஆட்கள் வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். "காலனில வந்த நோவு காலனியோட இருக்கட்டும்" என்று அவர் சொன்னதாக ஊரில் பேச்சு. மற்ற நிலக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நடவுக் காலத்தில் வேலையில்லை என்றால் காலனியில் உலை ஏறாது.

அன்று சாயங்காலம் கன்னியப்பன் ஓடைப் பாலத்தில் உட்கார்ந்து யோசித்தார். தெளிந்த தண்ணீர், மேலே நிழல், யாரும் கலக்காத இடம். பட்டணத்தில் மாடித் தொட்டி. தலையைத் தூக்கினார். எதிரே, நான்கு தூண்களின் மேல், காலனியின் புதுத் தண்ணீர்த் தொட்டி நின்றது.

அந்தத் தொட்டியின் கதை அவருக்குத் தெரியும். அதற்கு முன் காலனிப் பெண்கள் வயல்கிணற்றடியில் குடத்தோடு நின்று, யாராவது மொண்டு ஊற்றுகிறவரை காத்திருப்பார்கள். மலர்க்கொடி பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் வட்டார அலுவலகத்தின் வாசலில் காலிக் குடங்களோடு உட்கார்ந்தாள். எழுப்பப் பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்தாள். அப்படி வந்த தொட்டி அது. ஏகாம்பரத்துக்கு அது அன்றிலிருந்தே கண்ணில் விழுந்த தூசி.

கன்னியப்பன் நேராக மலர்க்கொடியிடம் போனார்.

"மேல் தொட்டியைப் பாக்கணும் மலரு."

அவள் முகம் மாறிவிட்டது. "இன்னாத்துக்கு?"

"புழு இருக்கான்னு."

"எங்க தண்ணில புயுவா? யாரு சொல்லிக் குட்த்து வந்த நீ? தலைவரா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கேக்கறேன்."

"நீ மேல ஏறி ஆமா கீதுன்னு சொல்லு, மறுநாளே மோட்டாரைப் புடுங்கிடுவாரு. இதுக்குன்னே காத்துக்கினு கீறாரு. அப்பால நாங்க மறுபடியும் கெணத்தாண்ட போய் கைய ஏந்திக்கினு நிக்கணுமா? உன் வூட்டுப் பொம்பளைய நிக்க வைப்பியா நீ?"

கன்னியப்பன் தொட்டியை அண்ணாந்து பார்த்தார்.  பிறகு, "பாக்காம போனா காய்ச்சல் நிக்காது மலரு. சிட்டம்மாளுக்கு வந்தது நாளைக்கு இன்னொருத்திக்கு வரும்" என்றார்.

அவள் உள்ளே போனாள். வெளியே வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"கொடத்துல ஒரு தபா நெளிஞ்சிச்சு சார். துணில வடிகட்டிட்டு சும்மா இருந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல. இவ்ளோ கஷ்டப்பட்டு வாங்குன தண்ணியாச்சே." மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்குக் காலைல வா. நீ ஏற வேணாம். நான் ஏறிப் பாக்கறேன். என் கண்ணால பாத்தாதான் நம்புவேன்."

காலையில் அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினாள். கன்னியப்பன் கீழிருந்து, கண்ணாடியை எப்படிப் பிடிப்பது என்று சொன்னார். சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் காட்டி, அந்த வெளிச்சத்தைத் தொட்டிக்குள் திருப்ப வேண்டும். தொட்டியின் வாய்க்கு மூடியே போட்டிருக்கவில்லை. கட்டியவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கீழே இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

மேலே மலர்க்கொடி மண்டியிட்டுக் குனிந்தாள். வெகுநேரம் அசையவில்லை. பிறகு கயிற்றில் வாளியை இறக்கி, மொண்டு, ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். வாளியை அவர் முன்னால் வைத்தாள்.

"படுத்துக்கினு கீது சார். நீ சொன்ன மாதிரியே."

அந்தப் புழுக்கள் சீசாவில் கூடாகி, கொசுவாகி, வலைத்துணியின் அடியில் வந்து உட்கார்ந்தன. எல்லாவற்றின் காலிலும் புள்ளி. கன்னியப்பன் சீசாவை மடியில் வைத்துக்கொண்டே காஞ்சிபுரம் போனார். வேதகிரி பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"குடியேறிடுச்சு. நான் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் சொல்லணும்."

"சார், ரெண்டு நாள் குடுங்க. காலனித் தொட்டியில மட்டும் பாத்துட்டு நிறுத்தினா, நோவு காலனியிலேர்ந்துதான் கிளம்புதுன்னு ஆயிடும். ஊருக்குள்ள வூட்டுத் தண்ணி எதையும் நான் இன்னும் பாக்கல. வயல்கிணத்தோட திரும்பிட்டேன். ஊர்க்காரங்க கதவைத் திறக்கல."

வேதகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது சரியான பேச்சு. ஒரு இடத்தை மட்டும் பாத்துட்டு சொல்றது கணக்கெடுப்பே இல்ல. பாத்துட்டு வாங்க. வெள்ளிக்கிழமை நானே வரேன்."

ஊருக்குள் சில வீடுகள் திறந்தன. கோயில் கிணற்றைப் பூசாரியே காட்டினார். அதில் ஒன்றும் இல்லை. நாலைந்து வீட்டுக் கிணறுகளிலும் இல்லை. மிச்சம் இருந்தது ஏகாம்பரத்தின் வீடு. நொச்சித்தாங்கலில் குழாய் திருகினால் தண்ணீர் வரும் குளியலறை அவர் வீட்டில் மட்டும்தான். அதற்கென்று மாடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி.

தலைவர் வெளியூர் போயிருந்தார். அவருடைய மனைவி செல்லம்மாள் வாசலில் நின்று, "அவரு வரட்டும்" என்றாள். கன்னியப்பன் திரும்பினார். பத்தடி போயிருக்க மாட்டார், "சார்" என்று கூப்பிட்டாள்.

"அந்தக் காய்ச்சல் எப்டி வரும்? நடுங்குமா?"

"ஆமாம்மா. ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "எங்க சின்னவன் முத்துகிருஷ்ணன் பத்து நாளா அப்டித்தான் நடுங்கிக்கினு கீறான். கஷாயம் வச்சுக் குடுக்கறேன். வெளில சொல்லக் கூடாதுன்னுட்டாரு. காலனி நோவு நம்ம வூட்டுல கீதுன்னா கேவலமாம்."

"இது காலனி நோவு இல்லம்மா. கொசு சாதி பாத்துக் கடிக்காது. பையனை சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்க. ரத்தம் எடுத்துப் பாத்து மாத்திரை குடுப்பாங்க, சரியாப் போயிடும்."

"மொதல்ல மாடிக்குப் போய் பாருங்க" என்று அவள் பின்கட்டுக் கதவைத் திறந்தாள். "பையன் விஷயம் மட்டும் உங்க வாயால வர வேணாம்."

தொட்டியின் மேல் ஒரு உடைந்த தகரம் கிடந்தது. அதை விலக்கி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பினார். தேட வேண்டியதே இல்லை.

வெள்ளிக்கிழமை வேதகிரியின் ஜீப் வந்தபோது காலனித் தொட்டியடியில் கூட்டம் கூடியிருந்தது. எப்படியோ சேதி கசிந்துவிட்டது. ஏகாம்பரம் மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்திருந்தார். பக்கத்தில் எலக்ட்ரீஷியன். எதிரே குடங்களோடு காலனிப் பெண்கள். முன்னால் மலர்க்கொடி.

"ஆபீசரே வந்துட்டாரு, நல்லதாப் போச்சு" என்றார் ஏகாம்பரம். "இந்தத் தொட்டிதான் நோவுக்குக் காரணம்னு உங்காளே கண்டுபிடிச்சிட்டாரு. ஊர் நல்லதுக்கு இத மூடறேன்."

வேதகிரி, "தொட்டியை மூடணும்தான்" என்றார். "ஆனா நீங்க சொல்ற மாதிரி இல்ல. மேல ஒரு மூடி போட்டு மூடணும். வாரத்துக்கு ஒரு நாள் காலி பண்ணித் தேய்க்கணும். தண்ணியை நிறுத்தினா இவங்க பானையிலயும் தொட்டியிலயும் சேத்து வைப்பாங்க. கொசு அதுல வளரும். இன்னும் மோசம்."

"எதுக்கு வம்பு? கழனிக் கெணறு இல்லையா இவங்களுக்கு?"

மலர்க்கொடி ஒரு அடி முன்னால் வந்தாள். கன்னியப்பன் அவளை முந்திக்கொண்டார்.

"தலைவரே, புழு இருக்கற தொட்டி இந்த ஊர்ல ரெண்டு. ஒன்னு இது. இன்னொன்னு உங்க வூட்டு மாடில கீது. நான் பாத்தேன்."

 ஏகாம்பரத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. "என் வூட்டுலயா? யாரு உன்ன உள்ள வுட்டது? பொய் சொல்ற நீ!"

"பொய்யின்னா இப்பவே போய் பாக்கலாம்" என்றாள் மலர்க்கொடி. "எங்க தொட்டில புயு கீதுன்னு நானேதான் ஏறிப் பாத்து மொண்டாந்து குட்த்தேன். மறைச்சி வைக்கல. உங்க தொட்டிமேலயும் நானே ஏறிக் காட்டட்டா தலைவரே? வாங்க, போலாம்."

காலனிப் பெண் ஒருத்தி அவர் வீட்டு மாடிக்கு ஏறுவதா என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். ஏகாம்பரம் அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"யாரும் வர வேணாம்" என்றார். "நானே பாக்கறேன். அந்தக் கண்ணாடியக் குடு."

தனியாகப் போனார். கூட்டம் கலையவில்லை. வெயில் ஏறியது. பெண்கள் குடங்களின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். எது முதலில் வந்தது, காலனித் தொட்டியா தலைவர் தொட்டியா என்று ஒரு பெரியவர் வேதகிரியிடம் கேட்டார்.

"தெரியாதுங்க. இனிமே தெரியவும் தெரியாது. தெரிஞ்சா யார்மேலயாவது பழி போடலாம், காய்ச்சல் நிக்காது."

ஏகாம்பரம் திரும்பி வரவில்லை. அவர் வீட்டு ஆள் ஒருவன் வந்து சாவியை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிட்டுப் போனான். சற்று நேரத்தில் தலைவரின் வில்வண்டி சுகாதார நிலையத்தின் பக்கம் போவது தெரிந்தது. உள்ளே கம்பளி போர்த்திய பையன், பக்கத்தில் செல்லம்மாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கன்னியப்பனும் சொல்லவில்லை. மலர்க்கொடி மட்டும் வண்டி போகும் வரை பார்த்துவிட்டு, "பாவம், சின்னப் புள்ள" என்றாள். மோட்டார் ஓடத் தொடங்கியது.

அந்த வாரமே இரண்டு தொட்டிகளுக்கும் வலை வைத்த மூடி வந்தது. புழு தின்னும் சிறு மீன்களைக் காஞ்சிபுரத்திலிருந்து மண்பானையில் கொண்டுவந்து கிணறுகளில் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிப் பெண்கள் முறைவைத்துத் தொட்டியை வடித்துத் தேய்த்தார்கள். ஏகாம்பரம் கடைசிவரை ஒரு வார்த்தை மன்னிப்புச் சொல்லவில்லை. ஆனால் புரட்டாசி பிறந்ததும் நடவுக்கு ஆள் வேண்டும் என்று காலனிக்குச் சொல்லியனுப்பினார். மலர்க்கொடி போனாள். சிட்டம்மாள் போகவில்லை. அவள் அந்தப் போகம் முழுக்க வேறு ஊரில் வேலை செய்தாள்.

தை மாதத்துக்குள் காய்ச்சல் அடங்கிவிட்டது. கொசு ஒழியவில்லை. சாலவாக்கம் போகிற சாலையில் ஒரு பள்ளிக்கூடத் தொட்டியிலும், உத்திரமேரூரில் ஒரு அரிசி ஆலையிலும் அதே புள்ளிக்கால் கொசு கிடைத்தது.

"அது வந்தாச்சு கன்னியப்பன்" என்றார் வேதகிரி. "இனிமே போகாது. எங்கெங்க இருக்குன்னு, காய்ச்சல் வர்றதுக்கு முன்னால நமக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்ளோதான்."

ஒவ்வொரு ஊராகப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சுகாதார நிலையத்தில் மலர்க்கொடியைத் தற்காலிகப் பணியாளாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆம்பிளை போய்க் கேட்டால் திறக்காத பின்கட்டுகள் அவள் கேட்டால் திறந்தன.

மாசி மாதத்தில் ஒரு நாள் இருவரும் செய்யாற்றுப் பக்கம் ஒரு ஊருக்குப் போனார்கள். முதல் வீட்டிலேயே மங்கம்மா என்கிற அம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வூட்டுத் தண்ணில ஒன்னும் இல்ல. போய் வேற வேல இருந்தா பாரு."

"நானும் இப்டித்தான்க்கா சொல்லிக்கினு இருந்தேன்" என்றாள் மலர்க்கொடி. "இல்லன்னா நல்லதுதான். இல்லன்னு தெரிஞ்சிக்கினு போறோம். நீயும் பக்கத்துல நின்னு பாரு."

மங்கம்மா கொஞ்சம் யோசித்து வழிவிட்டாள். அந்தத் தெரு முழுக்கப் பார்த்தார்கள். கிணறு, தொட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்டுத் தொட்டி என்று எதையும் விடவில்லை. ஒரு புழு இல்லை.

"இந்த ஊருக்கு இன்னும் வரல சார்" என்றாள் மலர்க்கொடி, கையைத் துடைத்துக்கொண்டே. "அடுத்த செவ்வாக்கெழம மறுபடியும் வரலாமா?"

"வரணும்" என்றார் கன்னியப்பன்.

அடுத்த தெருவுக்கு நடந்தார்கள்.